அல்லிக்கு இரண்டு கரண்டி

செட்டிகுளம்
7.7.2024, ஞாயிறு

அன்புள்ள சத்யாவுக்கும், சத்யாவுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் வார்டன் மேடத்துக்கும்,

வணக்கம். மேடம், இந்தக் கடிதத்தில் காதல், சினிமா, கைப்பேசி எதுவும் கிடையாது. முழுக்க மாடு. தைரியமாகத் தாண்டிப் போகலாம்.

சத்யா, மேடம் போயிட்டாங்களா? செய்தி நல்லதில்லை. உன் அல்லிக்குப் போட்ட இரண்டாவது சினை ஊசியும் நிற்கவில்லை. ஜூன் கடைசியில் மறுபடியும் பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்துவிட்டாள். அவள் கத்துவதற்குப் போட்டியாக அப்பா கத்துகிறார். "வாரத்துக்கு வாங்கி வளக்குறேன். முதல் கன்னு சத்யா அப்பா ராசாங்கத்துக்கு, அப்பறம்தான் மாடு எனக்கு. கன்னே இல்லன்னா எனக்கு என்ன மிச்சம், சாணியா?" இதை அவர் சொல்லும்போது தெருவே கேட்கிறது. நீங்கள் ஊரை விட்டுப் போகும்போது அல்லியை எங்கள் கொட்டகையில் கட்டிய அதே மனுஷன்தான், "நம்ம வூட்டுப் புள்ள மாதிரி பாத்துக்குறேன்" என்று சொன்னவர்.

மாட்டு டாக்டர் சுமதி வந்து பார்த்தார். "என்ன தீவனம் போடுறீங்க?" என்றார். அம்மா பெருமையாக, "மக்காச்சோளத் தட்டை, வைக்கோல், கொஞ்சம் தவிடு" என்றது. "அதான். வயிறு ரொம்புது, சத்து ரொம்பல. இந்தப் பக்கத்து மண்ணுலயே துத்தநாகம், தாமிரமெல்லாம் கம்மி. மண்ணுல இல்லாதது தட்டையில எங்கேருந்து வரும்?" என்று சொல்லி, தாது உப்பு என்று ஒரு சாம்பல் நிறப் பொடியை எழுதிக் கொடுத்தார். தினம் இரண்டு கரண்டி. தவிட்டில் போட்டு, தண்ணீர் தெளித்து, கையால் பிசைந்து வைக்க வேண்டும். ஒரு மாதம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த ஊசி.

பாக்கெட்டில் உள்ளதையெல்லாம் படித்தேன். துத்தநாகம்: பெயரில்தான் நாகம், கடிக்காது. மாங்கனீசு: மாங்கனி இருக்குமோ என்று நக்கிப் பார்த்தேன், இல்லை. கோபால்ட்: கோ இருக்கு, பால் இருக்கு, கடைசியில் வரும் 'ட்' மாடு உதைக்கிற சத்தம் என்று நினைக்கிறேன்.

இந்தத் துறைக்கு என்னை அமைச்சராகப் போட்டிருக்கிறார்கள். பதவியேற்ற அன்றே தம்பி சுதர்சனுக்கு "உயரம் வளர்ற பவுடர்" என்று பாலில் ஒரு கரண்டி கலக்கிக் கொடுத்தேன். அவன் துப்பியது சுவரில் இன்னும் இருக்கிறது. விளக்குமாறு என் முதுகில்.

கவலைப்படாதே. அல்லிக்கு அள்ளி அள்ளி வைக்கிறேன்.

உன்,
மாண்புமிகு பூவிழி


அரியலூர், விடுதி
21.7.2024

பூவிழி,

கடிதம் கிடைத்தது. வார்டன் மேடம் கோபால்ட்டில் சிரித்துவிட்டார். எனக்குத் தரும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

நீ என்ன வேண்டுமானாலும் எழுது. அல்லியை வைத்து மட்டும் விளையாடாதே. மாசி மாதம் "அல்லி சினை, அதுவும் இரட்டை" என்று எழுதினாய். நான் அறுபது பேருக்குக் கடலை மிட்டாய் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பார்க்க வந்த அப்பா, "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லையேம்மா" என்று சொன்னபோது மிட்டாய் தின்ற எல்லாரும் சுற்றி நின்றார்கள். இன்னும் சில பேர் என்னை "இரட்டை" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அல்லி பிறந்த அன்றே தாய் செத்துவிட்டது. பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள் நான். புது வாசனை அவளுக்கு ஆகாது, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தவிட்டில் ஒரு கட்டி வெல்லத்தைப் பொடித்துப் போடு. பிசைந்த கையையே முதலில் நக்கக் கொடு. அப்புறம் தின்பாள். நேரம் ஆகும். நின்று பார்க்க வேண்டும்.

அம்மா ஜெயங்கொண்டத்தில் முந்திரி உடைக்கப் போகிறது. கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் தோல் உரிகிறது. சோறு பிசைந்தால் எரிகிறதாம், கரண்டியால்தான் சாப்பிடுகிறது. கன்று கிடேரியாகப் பிறந்தால் அதை வளர்த்துப் பால் மாடாக்கிவிட்டு அந்த வேலையை விட்டுவிடுவதாக இருக்கிறது. அப்பா வீட்டுக்குப் பின்னால் இப்போதே நாலு கால் நட்டுவிட்டார். தகரம்தான் பாக்கி.

கையால் பிசை. சரியா?

சத்யப்பிரியா


செட்டிகுளம்
1.9.2024

அன்புள்ள சத்யா, வார்டன் மேடம் (உங்களுக்குச் சிரிப்பு வராத கடிதம் இது, மன்னிக்கவும்),

மூன்றாவது ஊசியும் போச்சு.

ஆகஸ்ட் எட்டாம் தேதி போட்டது. இருபத்தோராவது நாள், வியாழக்கிழமை விடியற்காலையில் "ம்ம்மா" என்றாளே பார்க்கலாம். அலாரம் கூட அவ்வளவு சரியாக அடிக்காது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. கன்றுக்குட்டியைக் கேட்டால் காலண்டர் ஆகி நிற்கிறாள்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. அம்மா கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றியது. அல்லி நாலு தும்மல் தும்மினாள், அவ்வளவுதான் பலன். அப்பா பொடியைக் குறை சொல்கிறார். "சுண்ணாம்பை அரைச்சுப் பாக்கெட்ல போட்டுக் குடுத்துட்டாங்க. எங்கப்பன் காலத்துல எந்த மாடு பவுடர் தின்னுச்சு?" டாக்டர் சுமதி என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "தினம் தவறாம குடுக்குறியா?" என்று கேட்டார். "குடுக்குறேன் டாக்டர்" என்றேன். "அப்ப ஏன் இப்படி?" என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இந்தக் கொட்டகையில் உருப்படியாக நடப்பது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஒற்றைக்கொம்பு ஆடு கொம்பி மூன்று குட்டி போட்டிருக்கிறது. போன தடவை மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது, இப்போது மூன்றும் கொழுகொழு. உடம்பு எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி மின்னுகிறது. நடையில் ஒரு திமிர் வேறு. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது. யார் கேட்டது இதனிடம் குட்டி?

இப்போது கெட்ட செய்தி. அப்பா உன் அப்பாவுக்குப் போன் பண்ணிவிட்டார். தீபாவளிக்குள் நிற்கவில்லை என்றால் தரகர் முருகையனிடம் பிடித்துக் கொடுத்துவிடுவதாம். மலட்டு மாட்டை யார் வாங்குவார்கள், எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்று உனக்குத் தெரியும். ராசாங்கம் மாமா, "உங்க இஷ்டங்க" என்றாராம். வாடகை வீட்டில் தகரம் இல்லாத நாலு காலை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வார்?

எதையாவது உடைக்க வேண்டும் போல இருக்கிறது. சுதர்சனின் பென்சில் பாக்ஸை உடைத்தேன். போதவில்லை.

உன்,
மாட்டால் மாட்டிக்கொண்டவள்


அரியலூர்
8.9.2024

பூவிழி,

இன்று பார்வையாளர் நாள். அப்பா வந்தார். எல்லாம் சொன்னார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை, டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. தினமும் தவிட்டில் போட்டுக் கையால் பிசைந்து வைத்தாயா?

ஆம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்றை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

சத்யப்பிரியா


செட்டிகுளம்
15.9.2024

சத்யா,

இல்லை.

ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனால் அதற்கு மேல் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. திட்டிக்கொண்டாவது படி.

முதல் ஒரு வாரம் சத்தியமாகப் பிசைந்தேன். அல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெல்லம் போட்டால் வெல்லத்தை மட்டும் தேடினாள். எனக்கு ஏழு பத்துக்குப் பெரம்பலூர் பஸ். இரண்டு நாள் பஸ்ஸை விட்டேன். கையில் அந்த வாசனை, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்தினாள். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கழனித்தண்ணீர் தொட்டி இருக்கிறதே! இரண்டு கரண்டியைத் தொட்டியில் கொட்டினேன், குச்சியால் ஒரு கலக்கு. அல்லி வாயை வைத்தாள், சர்ரென்று குடித்தாள். அரை நிமிஷ வேலை. என்ன புத்திசாலி நான் என்று குதித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். இரண்டு மாதமும் இப்படித்தான். பொடி குறைந்தது, பாக்கெட் காலியானது, யார் கேட்டாலும் "குடுத்தாச்சு" என்று சொன்னேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

உன் கடிதம் வந்ததும் 'ஆம்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எப்படிக் கொடுத்தால் என்ன, வயிற்றுக்குத்தானே போகிறது? ஆனாலும் பேனா நகரவில்லை. நேற்றுக் காலையில் அல்லி குடித்துவிட்டு மேய்ச்சலுக்குப் போன பிறகு தொட்டியில் கையை விட்டுப் பார்த்தேன்.

அடியில் சேறு மாதிரி இருந்தது. சாம்பல் நிறம். அள்ளினால் இட்லி மாவு போல கனமாக வந்தது. அல்லி மேல் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள். பொடி முழுதும் அடியில் தங்கிவிட்டது.

அப்பாவைக் கூப்பிடக் கொல்லைக்கு ஓடினேன். "அப்பா, பொடி மேல தப்பு இல்ல, என் மேலதான். வந்து பாருங்க!" அவரை இழுத்துக்கொண்டு வந்தால், கொம்பி முன்னங்கால் இரண்டையும் தொட்டிமேல் வைத்து, தலையை உள்ளே விட்டு, சாட்சியை நக்கி முடித்திருந்தது. தொட்டி கழுவிவிட்ட மாதிரி பளபளவென்று இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து உதட்டை நக்கியது. இரண்டு மாதமாக நான் யாருக்கு வைத்தியம் பார்த்தேன் என்று அப்போது புரிந்தது.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "ஏன்டி, மாட்டை விக்காம இருக்கறதுக்கு இது புது நாடகமா?" அம்மாவும் நம்பவில்லை. பாலில் கலக்கிக் கொடுத்ததை மறக்காத சுதர்சன், "அக்கா சொன்னா அதுக்கு எதிர்ப்பதம்தான் உண்மை" என்றான். பொய்யை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள் சத்யா. உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இன்று காலை கையால் பிசைந்தேன். உள்ளங்கையை முதலில் நக்கக் கொடுத்தேன். நாற்பது நிமிஷம் ஆனது. தின்றாள்.

எழுதுடி. திட்டியாவது எழுது.

பூவிழி


செட்டிகுளம்
6.10.2024

சத்யா,

காலாண்டு லீவுக்கு நீ வீட்டுக்கு வந்திருப்பாய் என்று மூன்று தடவை போன் பண்ணினேன். உன் அம்மா காத்தாயி அத்தைதான் எடுத்தது. மூன்று தடவையும் நீ குளித்துக்கொண்டிருந்தாயாம். ஜெயங்கொண்டத்தில் இவ்வளவு தண்ணீர் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அத்தை நல்லாப் பேசுச்சு. "மாடு எப்படி இருக்கு கண்ணு? நீ பாத்துக்கிட்டா எனக்குக் கவலையில்ல" என்றது. நீ வீட்டில் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதற்கு நீ என்னைத் திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

அப்பாவை நம்ப வைக்க ஒரு வழி பண்ணினேன். கண்ணாடி பாட்டிலில் கழனித்தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டிப் பொடியைப் போட்டுக் குலுக்கி, அவர் சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "என்னடி இது, எனக்குமா?" என்றார். "குடிக்க இல்லப்பா, பாக்க." அவர் ரசம் ஊற்றிக்கொள்வதற்குள் பொடி கீழே இறங்கத் தொடங்கியது. கை கழுவும்போது அடியில் இரண்டு விரல்கடை நின்றது. மேலே வெறும் கழனித்தண்ணீர். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு மாசமா என்னையும் ஏமாத்திட்ட."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தரகர் முருகையனுக்குப் போன் பண்ணி, "பொங்கல் கழிச்சுப் பாப்பம்" என்றார். அதிலிருந்து நான் பிசையும்போது பின்னால் வந்து நின்று பார்க்கிறார். ஒன்றும் பேசுவதில்லை. பிசைந்து முடித்ததும் போய்விடுகிறார். அவர் கத்திக்கொண்டிருந்ததே எவ்வளவோ தேவலை.

ஏழு பத்தை விட்டுவிட்டு இப்போது ஏழு ஐம்பது பஸ்ஸில் போகிறேன். தினம் முதல் பீரியடுக்கு வெளியே நிற்கிறேன். "என்ன காரணம்?" என்று டீச்சர் கேட்டால் "மாடு" என்கிறேன். அவரும் நம்புவதில்லை.

பூவிழி


செட்டிகுளம்
3.11.2024

சத்யா,

நீ எழுத மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தீபாவளி அன்று அல்லி பருவத்துக்கு வந்தாள். ஊரெல்லாம் வெடிச் சத்தம், நடுவில் இவள் சத்தம். டாக்டர் சுமதி லீவில் இருந்தார். அப்பா புது வேட்டியோடு வண்டியில் போய், அவர் வீட்டு வாசலில் நின்று அழைத்துக்கொண்டு வந்தார். அப்பாதான் போனார், நான் கேட்கவில்லை. நாலாவது ஊசி போட்டாச்சு. "இப்ப உடம்பு தெளிவா இருக்கு. ஆனா நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு அதிரசம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

நானும் எதுவும் சொல்ல மாட்டேன்.

பூவிழி


அரியலூர்
17.11.2024

பூவிழி,

மூன்று கடிதமும் வந்தன. மூன்றையும் படித்தேன். ஆடு நக்கிய இடத்தில் வார்டன் மேடம் சிரித்தாராம். எனக்கு வரவில்லை.

பஸ் ஏழு பத்துக்கு என்று எனக்கு எழுதியிருக்கலாம். பிசைய முடியவில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நீ குச்சியால் கலக்கிவிட்டு, அல்லிக்கு அள்ளி வைக்கிறேன் என்று எனக்கு எழுதினாய். நான் அதைத் தலையணைக்குள் வைத்திருந்தேன்.

அம்மாவின் விரலில் இப்போது கட்டுப் போட்டிருக்கிறது. கட்டோடுதான் வேலைக்குப் போகிறது. "பூவிழி பாத்துக்கிடும்" என்று இன்னும் சொல்கிறது. நான் என்ன சொல்ல? அதனால்தான் குளித்தேன்.

இனி அல்லியைப் பற்றி எழுதுவதானால் டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு எழுது. இல்லையென்றால் எழுத வேண்டாம்.

சத்யப்பிரியா


செட்டிகுளம்
12.1.2025

சத்யப்பிரியாவுக்கு,

அக்டோபர் 31 அன்று ஊசி போட்டது. நவம்பர் 21 அன்று அல்லி கத்தவில்லை. டிசம்பர் 12 அன்றும் கத்தவில்லை. நேற்று, ஜனவரி 11, டாக்டர் சுமதி கை விட்டுப் பரிசோதித்தார். சினை உறுதி. எழுபத்திரண்டு நாள். ஒரு கன்று.

தரகர் முருகையனை வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

தாது உப்பு தினம் இரண்டு கரண்டி, தவிட்டில், கையால் பிசைந்து கொடுக்கிறேன். ஈனும் வரை கொடுக்க வேண்டும், ஈன்ற பிறகும் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

டாக்டரின் சீட்டு இத்துடன் இருக்கிறது.

ஆ. பூவிழி


அரியலூர்
26.1.2025

பூவிழி,

சீட்டு வந்தது. உன் கடிதத்தைக் கொடுக்கும்போது வார்டன் மேடம், "என்னம்மா, உன் பிரெண்டுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு வணக்கம் கூட இல்லையாம். நானும் முதல் மூன்று வரியைப் படிக்கும்போது அல்லி செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கடைசி வரைக்கும் உன்னை எங்கேயும் காணவில்லை.

சீட்டை நான் நம்பவில்லை. டாக்டர் கையெழுத்தைப் போடத் தெரியாதவளா நீ? கடிதம் எனக்கு வந்தது போன வாரம், இரண்டு நாள் லீவில் ஜெயங்கொண்டம் கிளம்பும் அன்று. ஊருக்குப் போனதும் சீட்டில் இருந்த எண்ணுக்கு அப்பாவைப் போன் பண்ணச் சொன்னேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். டாக்டர் சுமதி, "சினைதாங்க, சந்தேகமே வேணாம்" என்றார். பிறகு அவராகவே, "அந்தப் பொண்ணு ஒரு பாட்டிலைக் கொண்டாந்து என் மேசையில வச்சு, பொடி அடியில தங்கும்னு நீங்க ஏன் டாக்டர் முன்னாடியே சொல்லலைன்னு என்னையே கேட்டுச்சு. இப்ப எல்லா வூட்டுலயும் அதைச் சொல்லிட்டுத்தான் பாக்கெட்டே குடுக்குறேன்" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மீதியை, தொட்டி முதல் பஸ் வரை, அம்மாவுக்கு நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

அம்மா போனை எடுத்து அப்பாவிடம் கொடுத்தது. அப்புறம், "ஏழு பத்து பஸ்ஸை வுட்டுட்டா புள்ள எப்படிப் பள்ளிக்கூடம் போவும்?" என்று கேட்டது. இதற்கு நான் அழுதேனா சிரித்தேனா என்று உனக்கு எழுத மாட்டேன். அப்பா மறுநாள் தகரம் வாங்கி வந்தார்.

மிட்டாய் யாருக்கும் கொடுக்கவில்லை. கன்று விழுந்த பிறகு பார்க்கலாம். ஆகஸ்ட் முதல் வாரம் என்று டாக்டர் சொன்னார். அப்போது எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்திருக்கும். வருவேன். எந்த நாள், எந்த பஸ் என்று சொல்ல மாட்டேன். வந்ததும் உன்னைப் பார்க்க மாட்டேன். நேராகக் கொட்டகைக்குப் போய், முழங்கை வரைக்கும் தொட்டியில் கையை விட்டுப் பார்ப்பேன். அப்புறம்தான் மற்றது.

அதுவரைக்கும் கொம்பியைக் கட்டிப் போட்டு வை.

சத்யா